பொள்ளாச்சி – வால்பாறை மலைச்சாலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை மாவட்டத்தில் பொள்ளாச்சியிலிருந்து ஆழியார் வழியாக வால்பாறைக்கு ஏறும் சாலை, மாநில நெடுஞ்சாலை 78. முதன்முதலாக ஏறப்போகிறவர்களும், பல தடவை ஏறி இறங்கியவர்களும் இதைப் பற்றிக் கேட்கிற கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். வழியும் சொல்லியிருக்கிறேன், வரலாறும் சொல்லியிருக்கிறேன். இந்தச் சாலையில் இரண்டையும் தனித்தனியாகப் பேச முடியாது.

சாலை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? மொத்தம் எவ்வளவு தூரம்?

பொள்ளாச்சியில் தொடங்குகிறது. வால்பாறை நகரம் வரை சுமார் 64 கிலோமீட்டர். கோவையிலிருந்து வருகிறவர்கள் பொள்ளாச்சிக்கு வர இன்னொரு 40 கிலோமீட்டரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்தப் பகுதி தேசிய நெடுஞ்சாலை 83.

தூரத்தை மட்டும் பார்த்து நேரத்தைக் கணக்குப் போடாதீர்கள். முதல் 24 கிலோமீட்டர் சமவெளி, அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆகும். மீதி 40 கிலோமீட்டர் மலை. அதற்கு ஒன்றரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். மஞ்சு, அதாவது மூடுபனி, இறங்கிவிட்டால் இரண்டு மணி நேரமும் ஆகும்.

வழியில் என்னென்ன ஊர்கள், இடங்கள் வரும்?

பொள்ளாச்சியை விட்டதும் தென்னந்தோப்புதான். கோட்டூர், அங்கலகுறிச்சிப் பக்கமெல்லாம் சாலையின் இரு புறமும் தென்னையும், இடையிடையே கயிறு, நார்த் தொழிற்கூடங்களும் இருக்கும். எதிரே ஆனைமலைத் தொடர் சுவர் மாதிரி எழும்பி நிற்கும். அந்தச் சுவரில் எங்கே வழி இருக்கப்போகிறது என்று புதிதாக வருகிறவர்களுக்குப் புரியாது.

அடுத்தது ஆழியார். வேதாத்திரி மகரிஷி தொடங்கிய அறிவுத் திருக்கோயில் இங்கேதான் இருக்கிறது. அதைத் தாண்டினால் ஆழியார் அணையும் பூங்காவும். அணைக்கு அப்பால் வனத்துறைச் சோதனைச்சாவடி. சாவடியைக் கடந்த சிறிது நேரத்தில் குரங்கு அருவி வரும். கவியருவி என்றும் சொல்வார்கள். ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்குள் வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

அருவியைத் தாண்டியதும் ஏற்றம். ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் காட்சிமுனை. அதற்கு மேலே அட்டகட்டி; வனத்துறையின் வன உயிரின மேலாண்மைப் பயிற்சி மையம் இருக்கும் ஊர். காடம்பாறை நீர்மின் நிலையத்துக்குப் போகிற பாதை இங்கிருந்துதான் பிரிகிறது. அட்டகட்டியை விட்டு மேலே போகப்போகக் காடு விலகித் தேயிலை தொடங்கும். வாட்டர்பால் எஸ்டேட், கவர்க்கல், ஐயர்பாடி, ரொட்டிக்கடை, புதுத்தோட்டம், அப்புறம் வால்பாறை.

கவர்க்கல் பக்கம் மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். கீழே வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும்போதே இங்கே மஞ்சு மூடியிருக்கும். பட்டப்பகலில் முகப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு வண்டிகள் ஊர்ந்து வருவதைப் பார்க்கலாம்.

உண்மையிலேயே 40 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றனவா?

ஆமாம், 40. ஒவ்வொன்றிலும் பலகை உண்டு: 1/40, 2/40 என்று எண் போட்டிருக்கும். மலையடிவாரத்தில் எண்ணிக்கை தொடங்கி, மேலே தேயிலைத் தோட்டங்களுக்குள் முடிகிறது. ஆரம்ப வளைவுகள் அடுக்கடுக்காக வரும். ஒன்றிலிருந்து திரும்பி நிமிர்வதற்குள் அடுத்தது வந்துவிடும். அட்டகட்டிக்கு மேல் இடைவெளி கூடும்.

வண்டி ஓட்டாமல் உட்கார்ந்து வருகிறவர்களுக்குத் தலைசுற்றல், வாந்தி வருவது சகஜம். ஏறுவதற்கு முன் வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம். குழந்தைகள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு வந்தால் நிச்சயம் குமட்டும். ஜன்னலைத் திறந்து வெளியே பார்க்கச் சொல்லுங்கள்.

ஒன்பதாவது வளைவில் ஏன் எல்லாரும் நிற்கிறார்கள்?

அங்கிருந்து பார்த்தால் ஆழியார் நீர்த்தேக்கம் முழுதாகத் தெரியும். அதற்கு அப்பால் பொள்ளாச்சிச் சமவெளி விரிந்து கிடக்கும். நீங்கள் ஏறி வந்த வளைவுகளில் சிலவும் காலடியில் தெரியும். இந்த மலைச்சாலையை அமைத்த ஆங்கிலேயப் பொறியாளர் லோம் பெயரைத்தான் அந்த இடத்துக்கு வைத்திருக்கிறார்கள்.

ஆனால் நிறையப் பேர் இங்கே நிற்பதற்கு இன்னொரு காரணம் வரையாடு. தமிழ்நாட்டின் மாநில விலங்கு. பொதுவாக உயரமான புல்வெளிச் சரிவுகளில் வாழ்கிற விலங்கு, இந்தச் சாலையில் மட்டும் பாறைச்சரிவு வழியாகக் கீழே இறங்கி ரோட்டோரத் தடுப்புச் சுவரிலேயே ஏறி நிற்கும். வால்பாறைச் சாலைக்கு வெளியே வரையாட்டை இத்தனை சுலபமாகப் பார்க்க முடிகிற இடங்கள் மிகக் குறைவு. அவை மனிதர்களைக் கண்டு மிரளாமல் இருப்பதால் சிலர் பிஸ்கட் நீட்டுகிறார்கள், குட்டியைத் தொடப் போகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். சட்டப்படி குற்றம் என்பது ஒரு பக்கம். ரோட்டில் தீனி கிடைக்கும் என்று பழகிய விலங்கு ஒரு நாள் சக்கரத்தில்தான் மாட்டும்.

இந்த மலைக்கு முதலில் யார், எதற்காக ரோடு போட்டார்கள்?

சுருக்கமாகச் சொன்னால், காப்பிக்காகவும் தேயிலைக்காகவும்.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் இந்த மலையில் காப்பி பயிரிடும் முயற்சிகள் ஆரம்பித்தன. 1864இல் கர்நாடிக் காப்பிக் கம்பெனி இங்கே தோட்டம் போட்டது. பெரிய லாபம் வரவில்லை. நிலத்தைப் பகுதி பகுதியாக விற்க வேண்டி வந்தது. அந்த முயற்சிகள் தடுமாறியதற்குக் காரணங்கள் பல இருக்கலாம். ஆனால் விளைந்ததைக் கீழே இறக்கச் சரியான பாதை இல்லாத மலையில் யார் தோட்டம் நடத்தினாலும் சிரமம்தான்.

1890களில் நிலைமை மாறியது. சென்னை மாகாண அரசிடமிருந்து பெரிய அளவில் நிலம் தோட்டங்களுக்குப் போனது. அனுபவமுள்ள தோட்டக்காரரான கார்வர் மார்ஷ் அப்போதுதான் இங்கே வந்தார். காட்டை அழித்துத் தோட்டமாக்குவதில் முன்னால் நின்றவர் அவர். ஆனைமலைத் தோட்டங்களின் தந்தை என்று தோட்ட உரிமையாளர்கள் அவரைக் கொண்டாடினார்கள். கவர்க்கல் பக்கம் சாலையோரத்தில் அவருடைய சிலை நிற்கிறது. நிறையப் பேர் அது யாருடைய சிலை என்று தெரியாமலே படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

தோட்டம் பெருகப் பெருக வண்டிப்பாதை அவசியமாயிற்று. லோம் அமைத்த மலைச்சாலை அந்தத் தேவையை நிறைவேற்ற வந்தது. 1915இல் போத்தனூர் – பொள்ளாச்சி ரயில் பாதை திறக்கப்பட்டது. அதற்கப்புறம் மலையிலிருந்து இறங்கும் சரக்கு பொள்ளாச்சியிலேயே ரயிலேற முடிந்தது. ரோடும் ரயிலும் கைகோத்த பிறகுதான் ஆனைமலைத் தேயிலை பெரிய தொழிலாக வளர்ந்தது.

இங்கிலாந்து இளவரசர் வேட்டையாட வருவதற்காகப் போட்ட ரோடு என்கிறார்களே?

பாதி உண்மை. விக்டோரியா மகாராணியின் மூத்த மகன், பிற்காலத்தில் ஏழாம் எட்வர்ட் மன்னரானவர், 1875–76இல் இந்தியா வந்தார். ஆனைமலையில் வேட்டைக்கு அவரை அழைத்து வரும் திட்டம் இருந்தது. அதற்காகப் பொள்ளாச்சியிலிருந்து மலைக்குப் பாதையும் தங்கும் விடுதிகளும் அமைக்கும் வேலை நடந்ததாக வால்பாறை வரலாற்றைச் சொல்கிறவர்கள் எல்லாரும் குறிப்பிடுகிறார்கள். காலரா பரவியதால் பயணம் ரத்தாயிற்று. இளவரசர் கப்பலிலேயே இலங்கைக்குப் போய்விட்டார்.

ஆகவே, அவருக்காகப் பாதை வெட்டப்பட்டிருக்கலாம். ஆனால் இன்று நாம் போகிற 40 வளைவு மலைச்சாலை தோட்டங்களின் தேவையால் வந்தது. வராத இளவரசரின் கதை நன்றாக நினைவில் நிற்கிறது. வந்து கல் உடைத்தவர்களின் பெயர் ஒன்றுகூட எந்தப் பலகையிலும் இல்லை.

ரோடு வருவதற்கு முன் இந்த மலையில் யாரும் இல்லையா?

இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். காடர், முதுவர், மலசர், மலைமலசர், புலையர், இரவாளர் ஆகிய பழங்குடி மக்களின் மண் இது. மலை ஏறவும் இறங்கவும், ஒரு பள்ளத்தாக்கிலிருந்து இன்னொன்றுக்குப் போகவும் அவர்களுக்கு ஒற்றையடிப் பாதைகள் இருந்தன. தேன், மெழுகு, ஏலம் போன்ற வனப்பொருள்கள் அந்தப் பாதைகளில்தான் கீழே இறங்கின. "ஆள் இல்லாத காட்டில் ரோடு போட்டார்கள்" என்று எழுதுகிறவர்கள் இந்த மக்களைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்வதில்லை.

இன்னொரு உண்மையும் இருக்கிறது. மாநில நெடுஞ்சாலை போய்ச் சேர்ந்து நூறாண்டுக்கு மேலாகியும், இந்த மலையின் பழங்குடிக் குடியிருப்புகள் பலவற்றுக்கு இன்னும் ஒழுங்கான பாதை கிடையாது. நோயாளியைத் தொட்டில் கட்டித் தூக்கிக்கொண்டு வந்துதான் ரோட்டைத் தொட வேண்டியிருக்கிறது.

தோட்டத் தொழிலாளர்களும் இந்த வழியாகத்தான் வந்தார்களா?

பெரும்பாலானவர்கள் ஆமாம். சேலம், திருநெல்வேலி, இராமநாதபுரம், கோவைச் சீமைகளிலிருந்தும் பாலக்காட்டுப் பக்கமிருந்தும் ஏழைக் குடும்பங்களைக் கங்காணிகள், அதாவது தோட்டங்களுக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரிகள், முன்பணம் கொடுத்து அழைத்து வந்தார்கள். பஞ்சமும் கடனும் ஒரு பக்கம் தள்ள, மலையில் நல்ல கூலி என்ற பேச்சு இன்னொரு பக்கம் இழுத்தது. மூட்டை முடிச்சோடு மலையேறியவர்களுக்கு மேலே காத்திருந்தது மழை, அட்டை, குளிர், மலேரியா. வாங்கிய முன்பணம் கழியாமல் ஊர் திரும்பவும் முடியாது. அந்தக் காலத்துத் தொழிலாளிக்கு இது ஏறுகிற ரோடு மட்டும்தான். இறங்குகிற வழி அவர் கையில் இல்லை.

விடுதலைக்குப் பிறகு 1951இல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. வீடு, மருத்துவம், குழந்தைகள் காப்பகம் ஆகியவை நிர்வாகத்தின் கடமை ஆயின. தொழிற்சங்கங்கள் வலுவடைந்து கங்காணி முறையும் ஒழிந்தது. இன்று வால்பாறையில் நான்காவது, ஐந்தாவது தலைமுறைக் குடும்பங்கள் உண்டு. அதே சமயம் திருப்பூர், கோவை ஆலைகளுக்கு இளைஞர்கள் இறங்கிப் போய்விட, வடமாநிலத் தொழிலாளர்கள் இந்த வளைவுகளில் ஏறி வருகிறார்கள்.

வால்பாறைக்கு அருகே சின்கோனா என்றே ஓர் ஊர் இருக்கிறது. மலேரியாவுக்கு மருந்தான கொய்னாவுக்காக அரசு சின்கோனா மரம் வளர்த்த இடம். இப்போது அங்கே அரசுத் தேயிலைக் கழகமான டான்டீயின் தோட்டம்.

அணைகளுக்கும் இந்தச் சாலைக்கும் என்ன சம்பந்தம்?

நெருங்கிய சம்பந்தம். காமராஜர் முதலமைச்சராக இருந்த காலத்தில் தொடங்கிய பரம்பிக்குளம் – ஆழியார் திட்டம், தமிழ்நாட்டின் பெரிய நீர்த்திட்டங்களில் ஒன்று. மேற்கே அரபிக்கடலுக்குப் போகும் ஆறுகளின் தண்ணீரை அணைகளில் தேக்கி, மலையைக் குடைந்த சுரங்கங்கள் வழியாகக் கிழக்கே திருப்பி, பொள்ளாச்சி, உடுமலை வட்டார வயல்களுக்குக் கொண்டு வருகிற ஏற்பாடு. சோலையார் தண்ணீர் மலைக்குள்ளேயே சுரங்கத்தில் ஓடிப் பரம்பிக்குளத்துக்குப் போகிறது. அங்கிருந்து துணக்கடவு, சர்க்கார்பதி, திருமூர்த்தி என்று பயணம் தொடர்கிறது. தமிழ்நாடும் கேரளமும் இதற்கான ஒப்பந்தத்தில் 1970 மே 29இல் கையெழுத்திட்டன. 1958 நவம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்ததாக அது முன்தேதியிட்டுச் செய்யப்பட்டது.

இந்தத் திட்டத்தின் ஒரு முனை, சாலை மலையேறும் இடத்திலேயே நிற்கும் ஆழியார் அணை. முழு உயரம் 120 அடி. இன்னொரு முனை, வால்பாறைக்கு அப்பால் இருக்கும் சோலையார் அணை. நடுவே அட்டகட்டியிலிருந்து பிரிந்துபோனால் காடம்பாறை. அங்கே மின்நிலையமே பூமிக்கு அடியில் இருக்கிறது. மின்தேவை குறைவான நேரத்தில் கீழ்த்தேக்கத்துத் தண்ணீரை மேலே ஏற்றி, தேவை கூடும்போது இறக்கி மின்சாரம் எடுக்கிறார்கள். 100 மெகாவாட் இயந்திரங்கள் நான்கு, மொத்தம் 400 மெகாவாட். இந்தக் கட்டுமானங்களுக்கான இயந்திரங்களும் தளவாடங்களும் மலையேற வேண்டியிருந்ததால், தேயிலைக்காகப் பிறந்த சாலைக்கு இரண்டாவதாக ஒரு வேலை கிடைத்தது.

மைல்கல்லில் ஏன் பச்சை வண்ணம்?

மாநில நெடுஞ்சாலை என்பதற்கான அடையாளம் அது. மேல்பகுதி மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சையாக இருந்தால் மாநில நெடுஞ்சாலை. மஞ்சில் வழி தெரியாதபோது அந்தக் கல்தான் உதவிக்கு வரும்.

மலையில் ஓட்டிப் பழக்கமில்லை. நானே ஓட்டிக்கொண்டு போகலாமா?

சமவெளியில் நன்றாக ஓட்டுகிறவர் நிதானமாகப் போனால் போகலாம். சில விஷயங்கள் மட்டும் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி. இறங்குகிறவர் ஒதுங்கி நிற்க வேண்டும். இது மரியாதைக்காகச் சொல்வது இல்லை, சட்டம். ஏற்றத்தில் நின்ற வண்டியை மறுபடி நகர்த்துவது எவ்வளவு கஷ்டம் என்று சுமையேற்றிய லாரி ஓட்டுநரைக் கேட்டால் சொல்வார்.

இறங்கும்போது இரண்டாவது கியரிலேயே வாருங்கள். நியூட்ரலில் விடுவதும், பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவதும் ஆபத்து. மேலேயிருந்து இறங்கும் கார்களில் ரப்பர் கருகும் வாடை வருவதை ஆழியார் சோதனைச்சாவடியில் நின்றாலே உணரலாம். அப்படி வாடை வந்தால் உடனே ஓரம் கட்டி, பிரேக் ஆறும்வரை காத்திருங்கள். சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

வளைவில் அரசுப் பேருந்து எப்படித் திரும்புகிறது என்று ஒரு முறை கவனித்துப் பாருங்கள். ஓட்டுநர் வளைவுக்கு முன்பே நீளமாக ஹாரன் அடிப்பார். வண்டியின் மூக்கு எதிர்ப்பக்க ஓரம்வரை போகும். தடுப்புச் சுவரைத் தொட்டுவிடுமோ என்று தோன்றும்போது ஸ்டியரிங்கை முழுதாக ஒடிப்பார். வால்பகுதி உள்வட்டத்தில் இழுபட்டு வரும். பேருந்துக்கு முழுச் சாலையும் தேவை. ஆகவே மேலே ஹாரன் கேட்டால் வளைவுக்குள் நுழையாமல் கீழேயே நின்றுவிடுங்கள். வளைவில் போய் மாட்டிக்கொண்டு பின்னால் எடுக்கத் தெரியாமல் தவிக்கிறவர்களால்தான் விடுமுறை நாள்களில் இந்தச் சாலை மணிக்கணக்கில் அடைபடுகிறது.

வளைவில் முந்தவே கூடாது. படம் எடுக்க வளைவில் நிறுத்தவும் கூடாது.

வழியில் யானை வந்தால் என்ன செய்வது?

நிறுத்துங்கள். தூரமாகவே நிறுத்துங்கள். இன்ஜின் ஓடட்டும், ஹாரன் வேண்டாம், விளக்கை மினுக்க வேண்டாம், யாரும் இறங்க வேண்டாம். பின்னால் இடம் இருந்தால் மெதுவாகப் பின்வாங்குங்கள். யானை தானாகச் சாலையைக் கடந்து போகும்வரை பொறுத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. 2025 பிப்ரவரியில் இதே சாலையில், யானை நிற்பதைப் பார்த்தும் மோட்டார்சைக்கிளில் கடந்துவிட முயன்ற ஜெர்மன் நாட்டுப் பயணி ஒருவர் தாக்கப்பட்டு இறந்துபோனார். மற்ற வண்டிகள் எல்லாம் அப்போது நின்றுகொண்டிருந்தன.

வால்பாறை மேட்டுநிலம் சுமார் 220 சதுர கிலோமீட்டர். பெரும்பகுதி தேயிலை, நடுநடுவே அழிக்கப்படாமல் எஞ்சிய மழைக்காட்டுத் துண்டுகள். சுற்றிலும் நாலா பக்கமும் காடு. ஒரு பக்கக் காட்டிலிருந்து மறுபக்கத்துக்கு யானைகள் போவதற்கு இந்தத் தோட்டங்கள்தான் வழி. காலங்காலமாக அவை நடந்த தடத்தின் குறுக்கேதான் நாம் ரோடும் தொழிலாளர்களுக்கான லயன் (வரிசை) வீடுகளும் கட்டியிருக்கிறோம்.

யானை எங்கே நிற்கிறது என்பது மக்களுக்கு முன்கூட்டியே தெரிந்தால் பாதி ஆபத்து விலகிவிடும் என்ற எண்ணத்தில், இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை ஆய்வாளர் ஆனந்தகுமாரும் அவருடைய குழுவினரும் வனத்துறையோடு சேர்ந்து ஒரு எச்சரிக்கை ஏற்பாட்டைச் செய்தார்கள். குறுஞ்செய்தி வரும், உள்ளூர்த் தொலைக்காட்சியில் எழுத்து ஓடும், உயரமான கம்பத்தில் சிவப்பு விளக்கு மினுக்கும். அந்த விளக்கை ஊர்க்காரர்களே கைப்பேசி மூலம் போட முடியும். விளக்கு எரிந்தால் அக்கம்பக்கத்தில் யானை இருக்கிறது என்று பொருள். 2015இல் இந்தப் பணிக்கு, இயற்கைப் பாதுகாப்புக்காகத் தரப்படும் விட்லி விருது கிடைத்தது. மாலையில் பேருந்தை விட்டு இறங்கி லயன் வீட்டுக்கு நடக்கிற தொழிலாளி முதலில் பார்ப்பது அந்தக் கம்பத்தைத்தான்.

சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் ஏதோ கட்டித் தொங்குகிறதே, அது என்ன?

குரங்குப் பாலம். புதுத்தோட்டம் பக்கம் பார்க்கலாம். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாத சிங்கவால் குரங்குகள் புதுத்தோட்டத்து மழைக்காட்டுத் துண்டில் இருக்கின்றன. மரத்தின் மேலேயே வாழ்ந்து பழகிய இனம். சாலையை அகலப்படுத்தி மரக்கிளைகள் விலகிய பிறகு தரையில் இறங்கிக் கடக்க வேண்டி வந்து, வண்டிகளில் அடிபட்டுச் செத்தன. அதற்காக இரு பக்க மரங்களையும் இணைத்துப் பாலம் கட்டினார்கள். பிடரியில் நரைத்த சடையோடு பெரிய ஆண் குரங்கு முதலில் கடந்து மறுபக்கம் உட்கார்ந்துகொள்ளும். தாய்கள் வயிற்றில் குட்டியை ஒட்டவைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பின்தொடரும். வண்டிகளின் வேகத்தைக் குறைக்கச் சொல்லி அந்த இடத்தில் காவலர்கள் நிற்பதும் உண்டு. அவர்கள் கை காட்டினால் நின்று போங்கள்.

அதிர்ஷ்டம் இருந்தால் இந்தப் பகுதியிலேயே பெரிய இருவாச்சிப் பறவையையும் காணலாம். பறப்பது கண்ணில் படுவதற்கு முன்பே இறக்கைச் சத்தம் காதில் விழும்.

இ-பாஸ் வேண்டுமா? சோதனைச்சாவடியில் என்ன பார்ப்பார்கள்?

வேண்டும். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இருப்பதுபோல, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2025 நவம்பர் 1 முதல் வால்பாறைக்கும் இ-பாஸ் நடைமுறை வந்தது. வெளியூர் வண்டிகள் இணையத்தில் பதிவு செய்துகொண்டு வர வேண்டும். உள்ளூர் மக்களுக்கு விலக்கு உண்டு. சாவடியில் பிளாஸ்டிக் பைகள், ஒருமுறை பயன்படுத்தும் பாட்டில்கள் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். மது பாட்டில் இருந்தாலும் சிக்கல். இரவு நேரக் கட்டுப்பாடுகள் அவ்வப்போது மாறுவதால் புறப்படும் அன்று விசாரித்துக்கொள்ளுங்கள். என் யோசனை: மதியம் மூன்று மணிக்குள் ஆழியாரைத் தாண்டிவிடுங்கள். இருட்டிய பிறகு இந்தச் சாலை விலங்குகளுக்குத்தான்.

எந்த மாதம் போகலாம்?

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை வெளுத்து வாங்கும். வால்பாறை அருகே சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே மிக அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. அந்த மாதங்களில் மண்சரிவும் மரம் விழுவதும் உண்டு. மழை பிடிக்கும், ரோடு அடைபட்டாலும் பரவாயில்லை என்பவர்கள் போகலாம். அவசர வேலையாகப் போகிறவர்கள் வானிலை பார்த்துக்கொள்ளுங்கள். டிசம்பர், ஜனவரியில் குளிரும் தெளிவான வானமும் இருக்கும். நீண்ட விடுமுறைகளைத் தவிர்த்தால் உங்களுக்கும் நல்லது, மலைக்கும் நல்லது.

கூழாங்கல் ஆற்றிலும் சோலையாற்றிலும் தண்ணீர் அமைதியாகத் தெரியும். உள்ளே சுழலும் பாறையிடுக்கும் இருக்கும். கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வால்பாறைக்கு மாற்றுப் பாதை இல்லையா?

தமிழ்நாட்டுச் சமவெளியிலிருந்து இது ஒன்றுதான். இன்னொரு பக்கம் கேரளத்துக்கு வழி உண்டு. ஆனால் அது காட்டுக்குள் நீண்டு போகிற பாதை, அவசரத்துக்கு உதவாது. அதனால்தான் சரிவு விழுந்து இந்தச் சாலை மூடினால் ஊர் பதறுகிறது. காய்கறி, அரிசி, பால் எல்லாம் பொள்ளாச்சியிலிருந்து ஏற வேண்டும். தேயிலை இறங்க வேண்டும். வால்பாறையில் அரசு மருத்துவமனை இருக்கிறது என்றாலும், நிலைமை கொஞ்சம் சிக்கலானால் பொள்ளாச்சிக்கோ கோவைக்கோ கொண்டு போகச் சொல்வார்கள். பிரசவ வலியோடு ஒரு பெண் 108 வண்டியில் 40 வளைவும் இறங்க வேண்டும்.

சுற்றுலா வருகிறவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். உங்கள் கார் வளைவை மறித்து நிற்கும் அந்தப் பத்து நிமிடத்தில், பின்னால் ஆம்புலன்ஸ் சைரன் கேட்கலாம். ஒதுங்க இடம் இருக்கும் இடத்தில் மட்டும் நிறுத்துங்கள்.

டாப்சிலிப்புக்கும் இதே வழிதானா?

இல்லை. டாப்சிலிப் ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் இன்னொரு சுற்றுலா இடம். அதற்குப் பொள்ளாச்சியிலிருந்து ஆனைமலை, வேட்டைக்காரன்புதூர், சேத்துமடை வழியாகப் போக வேண்டும். வரைபடத்தில் பக்கத்தில் இருப்பதாகத் தெரிந்தாலும் வால்பாறையிலிருந்து நேராகப் போக ரோடு கிடையாது. கீழே இறங்கித்தான் ஏற வேண்டும்.

வால்பாறையிலிருந்து அதிரப்பள்ளி வழியாகச் சாலக்குடி போக முடியுமா?

முடியும். சோலையார் அணை வழியாக மலக்கப்பாறையை அடைந்தால் எல்லை. அங்கிருந்து கேரள மாநில நெடுஞ்சாலை 21 வாழச்சால், அதிரப்பள்ளி வழியாகச் சாலக்குடிக்கு இறங்குகிறது. எல்லையிலிருந்து சாலக்குடிக்குச் சுமார் 80 கிலோமீட்டர். அதில் பெரும்பகுதி ஆளரவமே இல்லாத காடு. மலக்கப்பாறையிலும் வாழச்சாலிலும் கேரள வனத்துறைச் சாவடிகள் இருக்கின்றன. மாலையில் விடமாட்டார்கள். காலையில் புறப்பட்டு, நடுவில் எங்கும் இறங்காமல் போவதுதான் முறை.

2022 நவம்பரில் இந்தக் காட்டுப்பாதையில் கபாலி என்று எல்லாரும் அழைக்கும் ஒற்றை யானை ஒரு பேருந்தை எதிர்த்து வந்துகொண்டே இருந்தது. திருப்ப இடமில்லாததால் ஓட்டுநர் பயணிகளோடு சுமார் 8 கிலோமீட்டர் தூரம் பின்னோக்கியே ஓட்டி வந்தார். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பொறுமைக்கு அந்த ஓட்டுநரைவிட நல்ல பாடம் வேண்டியதில்லை.

பேருந்தில் போகலாமா?

தாராளமாக. நான் அதைத்தான் பரிந்துரைப்பேன். பொள்ளாச்சிப் பேருந்து நிலையத்திலிருந்து அரசுப் பேருந்துகள் நாள் முழுக்க இருக்கின்றன. இரண்டரை முதல் மூன்று மணி நேரம் ஆகும். வால்பாறையிலேயே பணிமனை இருப்பதால் பல ஓட்டுநர்களுக்கு ஒவ்வொரு வளைவும் மனப்பாடம். வால்பாறையிலிருந்து எஸ்டேட்டுகளுக்கு உள்ளூர்ப் பேருந்துகள் கிடைக்கும். எதிர்ச் சீட்டில் உட்கார்ந்திருக்கும் தோட்டத்து அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தால், எந்த வளைவில் எந்தத் தோட்டம் பிரிகிறது, நேற்று யானை எங்கே நின்றது என்பதெல்லாம் ரொட்டிக்கடை வருவதற்குள் தெரிந்துவிடும். ஞாயிறு மாலை இறங்கும் பேருந்துகளில் கூட்டம் நெரியும். விடுதிக்குத் திரும்பும் மாணவர்களும் ஆலை வேலைக்குப் போகிறவர்களும் ஏறுவார்கள். முடிந்தால் அந்த நேரத்தைத் தவிர்த்து மதியத்திலேயே இறங்கிவிடுங்கள்.

பெட்ரோல், சாப்பாடு, சிக்னல்?

பெட்ரோலைப் பொள்ளாச்சியிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். அடுத்தது வால்பாறையில்தான் என்று வைத்துக்கொண்டால் பிரச்சினை வராது. சாப்பாட்டுக் கடைகள் ஆழியாரில் உண்டு. அட்டகட்டியிலும் ரொட்டிக்கடையிலும் டீயும் பலகாரமும் கிடைக்கும். வளைவுகளில் கைப்பேசிச் சிக்னல் வந்து வந்து போகும், சில இடங்களில் முற்றிலும் இருக்காது. தங்கும் இடத்தின் வழியையும் தொலைபேசி எண்ணையும் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.